மூலையில் வாய் பிளக்கும் கதவுப் பட்டை

கேள்வி: கதவு நிலையைச் சுற்றி 60 மி.மீ. அகல மரப்பட்டை அடித்தேன். மூலைகளை 45 டிகிரியில்தான் வெட்டினேன். முதலில் மயிரிழை போல இருந்த இடைவெளி, சில மாதங்களில் உட்பக்கம் 2 மி.மீ. ஆகிவிட்டது. பட்டி பூசினேன், உதிர்ந்துவிட்டது. ஜன்னல்களுக்கும் அடிக்க வேண்டும். என்ன செய்வது?

பதில்: உட்பக்கம் பிளந்திருக்கிறது என்று சொன்னதிலேயே காரணம் இருக்கிறது. மரம் காய்ந்தால் நீளத்தில் அவ்வளவாகக் குறையாது, அகலத்தில் சுருங்கும். அப்போது 45 டிகிரி முனை சற்றுக் கூர்மையாகி, உட்பக்கம் விலகும். ஈரத்தில் ஊதினால் வெளிப்பக்கம் விலகும். அதனால் பட்டைகளை வாங்கியதும் அடிக்காதீர்கள். அடிக்கப்போகும் அறையிலேயே, இடையே காற்றுப் போக அடுக்கி, ஒரு வாரம் வையுங்கள். வெட்டிய முனைகளிலும் பின்பக்கத்திலும் பிரைமர் அடித்தால் மரம் ஈரம் குடிப்பது குறையும். மூலையில் சேர்வதற்காகச் சாய்வாக வெட்டிப் பசை தடவும் முகத்தை (மைட்டர்) மட்டும் விட்டுவிடுங்கள்.

ஆனால் முதல் நாளே மயிரிழை இருந்ததே, அதற்குக் காரணம் வேறு: நிலையின் மூலை சரியாக 90 டிகிரி இல்லாமல் இருக்கலாம். 60 மி.மீ. பட்டையில் ஒரு டிகிரி பிசகினாலே 1.5 மி.மீ. இடைவெளி விழும். மூலை 91 டிகிரி என்றால் உட்பக்கம் திறக்கும், 89 என்றால் வெளிப்பக்கம். மூலைமட்டத்தை நம்பிவிடாமல், 45-இல் வெட்டிய இரண்டு துண்டு மரங்களை மூலையில் வைத்துப் பாருங்கள். வெட்டும் இயந்திரத்தில் நேர்வெட்டுதான் 0. ஆகவே 91 டிகிரி மூலைக்கு இரண்டு பட்டையையும் 44.5-இல் வெட்ட வேண்டும், 89-க்கு 45.5-இல்.

சுவர்ப் பூச்சு நிலையைவிட முன்னால் தள்ளியிருந்தாலும் பட்டை சரிந்து உட்காரும், முனைகள் ஒட்டாது. நீளமான மட்டப்பலகையை நிலைக்கும் சுவருக்கும் குறுக்கே வைத்தால் தெரிந்துவிடும். 2, 3 மி.மீ. என்றால் பட்டை மறைக்கும் இடத்துக்குள் மட்டும் பூச்சை உளியால் சீவி எடுங்கள். நிலைதான் முன்னால் இருக்கிறதென்றால், பட்டையின் வெளிஓரத்துக்குப் பின்னால் மெல்லிய மரச்சீவலை ஒட்டுங்கள்.

அளவு: நிலையின் உள்விளிம்பிலிருந்து 5 மி.மீ. விட்டுச் சுற்றிலும் பென்சில் கோடு போடுங்கள். விளிம்போடு விளிம்பு வைத்தால் சிறு பிசகும் கண்ணில் உறுத்தும். உள்ளளவு 900 x 2100 மி.மீ. கதவுக்கு மேல்பட்டையின் உள்ஓரம் 910, வெளிஓரம் 1030. பக்கப்பட்டையின் வெளிஓரம் 2165. முதலில் மேல்பட்டையைத் தற்காலிகமாக இரண்டு ஆணியில் நிறுத்துங்கள். பக்கப்பட்டையில் மைட்டரை மட்டும் வெட்டி, தலைகீழாகக் கூர்முனை தரையில் படும்படி நிறுத்தி, மேல்பட்டையின் மேல்ஓரம் படும் இடத்தில் குறியுங்கள். தரை சாய்வாக இருந்தாலும் அளவு தப்பாது. குறியிலிருந்து 2 மி.மீ. குறைத்து வெட்டினால், தரை கழுவும் தண்ணீரை மரம் உறிஞ்சுவது குறையும்.

மைட்டர் முகங்களில் மரப்பசை தடவி, பக்கவாட்டிலிருந்து ஒரு மெல்லிய ஆணி அடித்து இரண்டையும் பிணையுங்கள். பலரும் விட்டுவிடும் வேலை இதுதான். பசையில்லாத மைட்டர் திறக்காமல் இருப்பது அபூர்வம். நிலையில் 30 மி.மீ. ஆணி, 40 செ.மீ.க்கு ஒன்று. முனையிலிருந்து 5 செ.மீ. தள்ளி, முன்துளை போட்டு அடியுங்கள், இல்லாவிட்டால் மரம் பிளக்கும். செங்கல், கான்கிரீட் சுவரில் வெறும் ஆணி நிற்காது. வெளிஓரத்துக்கு, சுவரில் துளையிட்டுச் செருகும் பிளக், அதில் முடுக்கும் ஸ்க்ரூ இரண்டும் வேண்டும்.

ஜன்னலுக்கு நாலு பக்கமும் பட்டை வருமென்றால், நிலையின் மூலைகள் 90 டிகிரியில் இருக்கின்றனவா என்று மூலைவிட்டங்களை அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் சட்டத்தைத் தரையிலேயே ஒட்டி, பசை காய்ந்த பிறகு தூக்கி மாட்டுங்கள். சுவரில் துண்டுதுண்டாக அடிப்பதைவிட மூலை நன்றாகச் சேரும்.

ஏற்கெனவே பிளந்த மூலைக்கு மறுபடி பட்டி வேண்டாம். அது வளையாது, மரம் அசைந்ததும் உதிரும். அதே மரத்தின் மெல்லிய சீவலைப் பசையோடு இடைவெளியில் செருகி, காய்ந்ததும் இழைத்துவிடுங்கள். பெயிண்ட் அடிக்கிற பட்டையாக இருந்தால் அக்ரிலிக் சீலண்ட் போதும். சிலிக்கோன் சீலண்ட் வைத்தால் பெயிண்ட் ஒட்டாது.