வலியை உற்றுக் கவனித்தால் அது கூடிவிடுமா?

மருதமுனையிலிருந்து எழுதிய சகோதரிக்கு,

உங்கள் முள்ளந்தண்டு உடைந்துகொண்டிருக்கவில்லை. நீங்கள் படுத்த படுக்கையாகப் போவதற்கான அடையாளம் எதுவும் நீங்கள் அனுப்பிய ஸ்கேன் அறிக்கையிலோ நரம்புப் பரிசோதனைக் குறிப்பிலோ இல்லை. இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) சொன்னபடி வலியை உற்றுக் கவனித்தால் அது கூடிவிடுமா என்பது உட்படக் கடிதத்தில் பல சந்தேகங்களைக் கேட்டிருந்தாலும், நான்கு வருட நாரி (கீழ்முதுகு) வலி என்றோ ஒரு நாள் உங்களைத் தறியிலிருந்தும் தொழுகையிலிருந்தும் நிரந்தரமாக விலக்கிவிடும் என்ற பயமே அதன் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது.

அறிக்கையில் உள்ள 'தட்டுப் பிதுக்கம்' (முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை போன்ற தட்டு வெளியே தள்ளுவது), 'தேய்வு' ஆகிய சொற்களைக் கைத்தொலைபேசியில் தேடி, நடக்க முடியாமற் போனவர்களின் காணொளிகளை இரவிரவாகப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றே நிறுத்துங்கள். நாரி வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் வெளிவந்த ஆய்வின்படி, 50 வயதினரில் 60 சதவீதமானோருக்குத் தட்டுப் பிதுக்கமும் 80 சதவீதமானோருக்குத் தேய்வும் இருக்கின்றன. ஐம்பது வயதாகும் உங்களுக்கும் அவை இருப்பதில் வியப்பில்லை. கெண்டைக்காலில் இடைக்கிடை வந்துபோகும் விறுவிறுப்புக்கும், குனியும்போது கேட்கும் 'கிளிக்' ஓசைக்கும் நீங்கள் பயப்பட வேண்டியதில்லை.

நாரி வலியில் முக்கியமாகப் பயப்பட வேண்டியது ஒன்று உண்டு. சைக்கிள் இருக்கையில் அமர்ந்தால் படுகின்ற பகுதி, அதாவது மறைவிடம், மலவாயிலைச் சுற்றிய இடம், தொடைகளின் உட்புறம் ஆகியவை மரத்துப்போனால், அல்லது சிறுநீர் முட்டியும் வெளியேறாமல் நின்றால் அல்லது உங்களை அறியாமலே கசிந்தால், முள்ளந்தண்டின் அடியிலுள்ள நரம்புக் கற்றை நசுங்குகிறது என்று கொள்ள வேண்டும். இரு கால்களும் சேர்ந்து பலமிழப்பதும் அதன் அடையாளமாக இருக்கலாம். இதற்கு மணித்தியாலக் கணக்கிலேயே அவகாசம் உண்டு. சத்திரசிகிச்சை பிந்தினால் இழந்த கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். எமது பெண்கள் இடத்தின் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டு, விடியட்டும், கிளினிக் நாள் வரட்டும் என்று காத்திருப்பதுதான் எனக்குப் பெரும் கவலை தருகிறது. நள்ளிரவானாலும் அம்புலன்ஸ் சேவையின் 1990 இலக்கத்தை அழைத்து, கல்முனையிலோ மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலோ அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்று, மரத்துப்போன இடத்தை வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

அந்த அறிகுறி இல்லாதவரை, வலியைக் கவனிக்குமாறு உங்கள் இயன்மருத்துவர் சொன்னது சரியான ஆலோசனையே. மூன்று மாதங்களைக் கடந்து நீடிக்கும் வலி, காயத்தின் அளவைக் காட்டும் அளவுகோலாக இருப்பதில்லை. இழையங்கள் ஆறிய பின்னும் நரம்பு மண்டலம் எச்சரிக்கை நிலையிலேயே இருந்து, சாதாரண அசைவையும் ஆபத்தாக உணர்த்துகிறது. பயமும் தூக்கமின்மையும் நாரியை இறுக்கிப் பிடித்தபடி நடப்பதும் அந்த எச்சரிக்கையை மேலும் கூர்மையாக்குகின்றன. நீங்கள் இப்போதும் நாள் முழுவதும் வலியைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள், ஆனால் அடுத்து என்ன கேடு வருமோ என்ற பதற்றத்துடன் கவனிக்கிறீர்கள். அத்தகைய கவனிப்பு வலியைக் கூட்டும் என்பது உண்மை. தறியின் பாவில் ஒரு நூல் தொய்ந்தால் நீங்கள் பதறாமல் விரலால் தடவி, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தேடுவீர்கள் அல்லவா? வலியையும் அதே பார்வையோடு பார்க்க வேண்டும்.

வலி நடுத்தரமாக இருக்கும் நேரத்தில் ஐந்து நிமிடம் கதிரையில் சாய்ந்து அமருங்கள். வலியைப் போக்க முயலாமல், அது எரிவா, இழுவையா, உளைவா, அதன் ஓரம் எங்கே இருக்கிறது, மூச்சை வெளிவிடும்போது மாறுகிறதா, இடம் பெயர்கிறதா என்று அறியும் ஆவலோடு மட்டும் பாருங்கள். 'நாளை எழும்ப முடியாதோ' என்ற எண்ணம் வந்தால், இது ஓர் எண்ணம் என்று அடையாளங்கண்டுகொண்டு மீண்டும் நாரிக்கு வாருங்கள். வலி கடுமையானால் பிடிவாதம் பிடிக்காமல் கவனத்தை உள்ளங்கைகளுக்கு மாற்றிவிடுங்கள். முதல் சில நாட்களில் வலி கூடியதுபோலத் தோன்றலாம். அதனால் உடலுக்குக் கேடு எதுவுமில்லை.

இப்படிக் கவனிக்கும் பயிற்சி உங்கள் மார்க்கத்துக்குப் புறம்பானதா என்றும் கேட்டிருந்தீர்கள். பௌத்த தியான மரபிலிருந்து எடுக்கப்பட்ட முறைதான் என்றாலும், 1979இல் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் நோயாளருக்கான பயிற்சியாக அமைக்கப்பட்டபோதே மதச் சடங்குகள் அதில் சேர்க்கப்படவில்லை. நாட்பட்ட நாரி வலியுள்ள 342 பேரிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வொன்றில், இப்பயிற்சிக்கு அனுப்பப்பட்டவர்களில் ஏறத்தாழ 61 சதவீதமானோர் அரையாண்டின் பின் அன்றாட வேலைகளில் தெளிவான முன்னேற்றம் கண்டிருந்தனர். வழமையான சிகிச்சையை மட்டும் தொடர்ந்தவர்களில் அது 44 சதவீதமாக இருந்தது. எல்லோருக்கும் வலி முற்றாக நீங்கிவிடும் என்று நான் வாக்களிக்க மாட்டேன். வலி இருக்கும்போதே வாழ்க்கை விரிவதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன், உங்களுக்கும் அது கிடைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இறுதியாக, பாமசியில் சீட்டின்றி வாங்கி இரண்டு வருடமாகத் தினமும் விழுங்கும் டைக்ளோபெனக் வலி மாத்திரை. உயர் குருதி அமுக்கத்துக்கு மருந்தெடுக்கும் ஒருவர் இதைச் செய்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அது இரைப்பையைப் புண்ணாக்கும், அமுக்கத்தைக் கூட்டும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். உங்கள் நாரியைவிட இந்த மாத்திரைதான் உங்களுக்கு ஆபத்தானது. இந்த வாரமே கிளினிக்குக்குச் சென்று, எவ்வளவு காலம் எடுத்தீர்கள் என்பதை மறைக்காமற் சொல்லி, அமுக்கத்தை அளந்து, சிறுநீரகத் தொழிற்பாட்டுக்கான குருதிப் பரிசோதனையைச் செய்யுங்கள். மலம் தார்போலக் கறுத்துப் போனால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். குருதி அமுக்க மருந்தை மட்டும் ஒருபோதும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.