தமிழில் பேசி டைப் செய்ய நாய்ஸ் கேன்சலிங் வயர்லெஸ் ஹெட்செட் உதவுமா?

மதுரை கீழமாசி வீதியில் மாடி அலுவலகம், கீழே மூட்டை இறக்கும் சத்தம், ஹாரன், தலைக்கு மேல் ஃபேன். கூகுள் டாக்ஸில் பேசி டைப் செய்தால் பாதிக்குப் பாதி தப்பு, நல்ல ஏஎன்சி (நாய்ஸ் கேன்சலிங்) ஹெட்செட் வாங்கினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏஎன்சியை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

ஏஎன்சி உங்கள் காதுக்கு. வெளிச் சத்தத்துக்கு எதிரான அலையை ஸ்பீக்கரில் உண்டாக்கி, நீங்கள் கேட்கும் இரைச்சலைக் குறைக்கும். எழுத்தாக மாறுவதோ மைக் பிடிக்கும் குரல். அதைச் சுத்தம் செய்வது வேறு ஏற்பாடு, ஈஎன்சி என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். அதுவும் ஃபேன், ஜெனரேட்டர் போலச் சீராக ஓடும் சத்தத்தைத்தான் நன்றாக நீக்கும். மனிதக் குரலை நீக்குவது கஷ்டம். ஜன்னலுக்குக் கீழே ஷேர் ஆட்டோக்காரர் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு "பெரியார், பெரியார்" என்று ஆள் கூப்பிட்டால் அந்தச் சொல்லும் உங்கள் வாக்கியத்துக்குள் ஏறிவிடும்.

இதற்கு நிச்சயமான மருந்து தூரம்தான். வாய்க்கும் மைக்குக்கும் இடைவெளி இரண்டு மடங்கானால் குரல் சுமார் 6 டெசிபல் குறையும். தெருச் சத்தம் குறையாது. காதில் செருகும் பட்ஸின் மைக் வாயிலிருந்து 12 செ.மீ. தள்ளி இருக்கிறது என்றால், தண்டு வைத்த மைக்கை 3 செ.மீ.க்குக் கொண்டுவரலாம். அதிலேயே 12 டெசிபல் லாபம். அதனால் கால் சென்டரில் போடுகிற மாதிரி தண்டு மைக் உள்ளதாக, முடிந்தால் ஒற்றைக் காது மாடலாக எடுங்கள். இன்னொரு காது திறந்திருந்தால் உங்கள் குரல் உங்களுக்கே கேட்கும், கத்த மாட்டீர்கள். ஏஎன்சி போட்டு இரண்டு காதையும் அடைத்துக்கொண்டால் தன்னை அறியாமல் குரல் ஏறும், அல்லது முணுமுணுப்பாக இறங்கும். இரண்டுமே கெடுதல். அப்படிப்பட்ட ஹெட்செட்தான் கையில் இருக்கிறது என்றால், பேசும்போது ஏஎன்சியை அணைத்துவிட்டு, வெளிச் சத்தத்தைக் காதுக்குள் விடும் ஆம்பியன்ட் மோடைப் போடுங்கள்.

தண்டை உதட்டுக்கு நேராக வைக்கக் கூடாது. வாயோரத்தில், கீழுதட்டுக்குச் சற்றுக் கீழே, இரண்டு விரல் அகலம் விட்டு வையுங்கள். நேராக வைத்தால் "ப்ப" வரும்போது மூச்சு மைக்கில் மோதி டப் டப் என்று அடிக்கும். மைக் நுனிக்கு ஸ்பாஞ்சு மூடி கட்டாயம்.

அடுத்தது ப்ளூடூத். பாட்டு ஓடும்போது ஒரு வழி, மைக் திறந்ததும் வேறு வழி. பழைய முறையில் இணைந்தால் குரல் 8 கிலோஹெர்ட்ஸில் மாதிரி எடுக்கப்படும். 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஓசை போய்விடும், "ஸ" போன்ற சீறல் ஒலிகள் மழுங்கும். எம்எஸ்பிசி என்ற புதிய முறை இருந்தால் 16 கிலோஹெர்ட்ஸ் கிடைக்கும், டிக்டேஷனுக்கு (பேசி டைப் செய்ய) அது போதும். வாங்கும்போது இதைக் குறிக்கும் "வைட்பேண்ட் வாய்ஸ்" இருக்கிறதா என்று பாருங்கள். கம்ப்யூட்டரில்தான் வேலை என்றால் கூடவே யூஎஸ்பி டாங்கிள் (கம்ப்யூட்டரில் செருகும் சின்ன ரிசீவர்) வருகிற மாடல் மேல். லேப்டாப்பின் சொந்த ப்ளூடூத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டால் விட்டுவிட்டு வருவதும் குறையும்.

மாட்டிய பிறகு விண்டோஸ் சவுண்ட் செட்டிங்ஸில் இன்புட் ஹெட்செட்தானா என்று பாருங்கள். குரோமிலும் மைக்ரோஃபோன் அனுமதியில் அதையே தேர்ந்தெடுங்கள். சந்தேகம் இருந்தால் தண்டு மைக்கை நகத்தால் தட்டுங்கள். இன்புட் மீட்டர் துள்ளவில்லை என்றால் லேப்டாப் மைக்தான் வேலை செய்கிறது, தப்பு முழுக்க அங்கிருந்துதான் வருகிறது. பேசும்போது மீட்டர் உச்சியைத் தொடவும் கூடாது.

டாக்ஸில் மொழியைத் தமிழ் (இந்தியா) என்று வைத்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ் அழுத்திவிட்டு ஒரு வினாடி பொறுத்துப் பேசத் தொடங்குங்கள். ப்ளூடூத் மைக் திறக்கச் சற்று நேரமாகும். அவசரப்பட்டால் முதல் சொல் விழுங்கப்படும். ஃபோனோடும் சேர்த்து இணைத்திருந்தால் அதைத் துண்டியுங்கள், அழைப்பு வந்தால் மைக் அங்கே ஓடிவிடும்.

சோதிக்க ஒரு வாக்கியம்: "திருமங்கலம் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் பழக்கடைக்காரர் வலது காலில் வலி என்றார்." மூன்று முறை வாசியுங்கள். "ஸ்டேஷன்" சிதைந்தால் ப்ளூடூத் வழியைச் சந்தேகியுங்கள். "வழி"யும் "வலி"யும் இடம் மாறினால் முதலில் உச்சரிப்பைக் கவனியுங்கள்; நம் பக்கத்துப் பேச்சில் "பழம்" "பளம்" ஆவது சகஜம், டிக்டேஷனுக்கு நாக்கை நன்றாக மடித்தே ஆக வேண்டும். துண்டு துண்டாகச் சொல்லாமல் முழு வாக்கியமாகச் சொன்னால் முன்பின் சொற்களை வைத்துச் சரியானதைப் பிடிக்கும். முற்றுப்புள்ளி, கமாவைச் சொன்னால் தமிழில் குறியாக விழாது, கையால் போட வேண்டியதுதான்.

கத்திரி வெயிலில் ரெக்சின் மெத்தை வியர்வையில் உரிந்துவிடும், துணி உறை போடுங்கள். ஸ்பாஞ்சு மூடியை வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் குரல் கம்மலாகப் பதியும்.