கடன் கொப்பியை ஏன் விட்டீர்?

கடிதம்:

வணக்கம் அண்ணா, நான் சாவகச்சேரி, ஏஎல் மட்ஸ் படிக்கிறன். ஆறு மாசமா பழைய லப்ரொப் ஒண்டில புரோகிராமிங் பழகுறன். ஹார்வர்டின்ர சிஎஸ்50 எண்ட ஒன்லைன் புரோகிராமிங் பாடம் பாதி, பிறகு ஜாவா, இப்ப பைத்தன். வீடியோ பாக்கேக்க எல்லாம் விளங்குது, தனிய எழுத வெளிக்கிட்டா ஒரு வரியும் வருதில்லை. அப்பான்ர கடைக் கடன் கொப்பியை எழுதிப் பாத்தன், பெயரும் காசும் நிரையா வரேல்லை, விட்டிட்டன். எந்த மொழி நல்லது? கம்பஸ் போகாமல் பழக ஏலுமா?

பதில்:

தம்பி, மொழிக் கேள்விக்கு மறுமொழி சின்னது. பைத்தனிலயே நில்லும், ஏஎல் ஐசிடியிலயும் அதுதான் இருக்கு, இனி மாத்தாதேயும். சிஎஸ்50இல கிழமைக்குக் கிழமை பயிற்சி தருவினம், அதைப்பற்றி நீர் ஒரு சொல்லும் எழுதேல்லை, வீடியோவை மட்டும் பாத்திட்டுப் போயிட்டீர் எண்டு நினைக்கிறன், திரும்பிப் போய் அதுகளைச் செய்யும்.

ஆனா நான் நாலு தரம் வாசிச்சது அந்தக் கடன் கொப்பிக் கதையைத்தான். நிரை ஏன் வரேல்லை எண்டு தேடினனீரோ? பைத்தனில லென் போட்டு 'யாழ்ப்பாணம்' எண்ட சொல்லின்ர நீளத்தைக் கேட்டுப் பாரும். அரிவரிப் பிள்ளையும் யா, ழ், ப், பா, ண, ம் எண்டு ஆறு சொல்லும், பைத்தன் 11 எண்டு சொல்லும். முதல்முதல் கண்டநேரம் பைத்தனிலதான் பிழை எண்டு நினைச்சனான், பிழையே இல்லை, எழுத்துகளுக்கு எண் குடுக்கிற யூனிகோட் எண்ட பட்டியலில அரவுக்கு ஒரு எண், குத்துக்கு ஒரு எண் எண்டு தனித்தனிய குடுத்திருக்கினம், அதால யா எண்டது ய-வும் அரவும் சேர்ந்து ரெண்டு. இந்த எண்ணிக்கையை வைச்சுப் பெயருக்குப் பின்னால இடம் விட்டிருப்பீர், அதுதான் காசு நிரை தப்பியிருக்கும். அதையே யூடிஎஃப்-8 ஆக்கி, அதாவது கொம்பியூட்டரில சேமிக்கிற பைட்டுகளா மாத்தி, பைட்டை எண்ணினா 33 வரும், ஏனெண்டா தமிழுக்கு எண் ஒண்டுக்கு மூண்டு பைட். யூனிகோட்டேட்டா எண்ட மொடியூல் ஒவ்வொண்டும் என்ன வகை எண்டு சொல்லும், 'எம்'மில தொடங்குற வகையை, அதாவது அரவு, குத்து மாதிரி ஒட்டுற குறியளை, விட்டிட்டு எண்ணும், ஆறு வரும். அப்பவும் நிரை முழுக்க நேராகாது, ண-வும் ர-வும் ஒரே அகலமில்லையே.

பாத்தீரோ, கடைக் கணக்கில துவங்கி மெமரிக்குள்ள எழுத்து எப்பிடிக் கிடக்குது எண்ட இடத்துக்கு வந்திட்டம். கம்பஸில படிப்பிக்கிறதும் இதைத்தான். தனியப் பழக ஏலும் தம்பி, கரைச்சல் வந்த இடத்தில எழும்பிப் போகாட்டில் சரி. ரன் பண்ண முதல் என்ன வரும் எண்டு கொப்பியில எழுதி வையும், வந்தது வேற எண்டா அண்டைக்கு அதைமட்டும் தேடும், பாடம் பிந்தினாலும் பரவாயில்லை.

இன்னொண்டு, காசைத் தசமத்தில கூட்டாதேயும். 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினா 0.30000000000000004 எண்டு வரும், எல்லாத்தையும் சதமாக்கி முழு எண்ணா வையும்.

கொப்பி சரிவந்தோண்ண பெயருகளை அகரவரிசையில அடுக்கச் சொல்லிப் பாரும். கபிலனுக்கு முன்னால கனகம் வந்து நிக்கும். ஏன் எண்டு பிடிச்சிட்டு எனக்கு எழுதும்.