கெச்சப்பில் புரட்டும் நாபோரிட்டன் ஸ்பகெட்டி வீட்டில் செய்தால் புளித்துக் கட்டிக்கொள்வது ஏன்? அது இத்தாலிய உணவுதானா?

ஸ்பகெட்டியை இத்தாலியர்கள் சொல்லும் 'அல் தெந்தே' பதத்தில், அதாவது நடுவில் சற்றே கடிபடும்படி இறக்கி, சூடு ஆறாமல் கெச்சப்பில் புரட்டியிருப்பீர்கள். கோளாறு அங்கேதான்.

இத்தாலிய உணவா என்பதற்கு முதலில் பதில். பெயரில்தான் நேப்பிள்ஸ் என்ற இத்தாலிய நகரம் இருக்கிறது. பிறந்த ஊர் ஜப்பானின் யோகோஹாமா. அங்கே 1927-ல் திறந்த ஹோட்டல் நியூ கிராண்ட், இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் படையின் கையில் இருந்தது. ஸ்பகெட்டியில் கெச்சப் கலந்து சாப்பிட்ட படைவீரர்களைப் பார்த்த தலைமைச் சமையல்காரர் இரியே ஷிகெததா, தக்காளி, பூண்டு, வெங்காயம், ஹாம் போட்டு முறையான சாஸ் செய்தார் என்பது அந்த ஹோட்டல் வழி வரலாறு. அவர் கெச்சப் ஊற்றவில்லை. கெச்சப் நாபோரிட்டனைப் பரப்பியவை, அதே ஊரில் 1946-ல் தொடங்கிய சென்டர் கிரில் போன்ற எளிய உணவகங்களும் 'கிஸ்ஸாட்டென்' எனப்படும் காப்பிக் கடைகளும்தான்.

அந்தக் காப்பிக் கடைகளில் அடுப்பு சிறியது. ஆள் வந்தபின் பாஸ்தா வேகவைக்க முடியாது. முன்கூட்டியே வேகவைத்து, எண்ணெய் பிசறி எடுத்துவைத்து, கேட்டவுடன் வாணலியில் வதக்கிக் கொடுப்பார்கள். இந்த உணவின் பதமே அப்படி வந்ததுதான். குழைய வேகவைப்பதை அறியாமை என்று சொல்பவர்கள் சொல்லட்டும். இதற்கு அதுதான் சரி.

இரண்டு பேருக்கு 200 கிராம் ஸ்பகெட்டி. 1.8 மி.மீ.க்குக் குறையாத தடிமன் வேண்டும். மெல்லியது வதக்கும்போது துண்டாகிவிடும். 2 லிட்டர் தண்ணீரில் 20 கிராம் உப்புப் போட்டு, பாக்கெட்டில் உள்ள நேரத்தைவிட 2 நிமிடம் கூடுதலாக வேகவிடுங்கள். வடித்து, குளிர்ந்த நீரில் அலசி, ஈரம் போக உதறி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் பிசறி, குறைந்தது 3 மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். இரவு முழுக்க இருந்தால் இன்னும் நல்லது. எலுமிச்சைச் சாதத்துக்குச் சோற்றை ஆறவைப்பதும் இதுவும் ஒரே காரணத்துக்காகத்தான்: ஆறினால் மாவுச்சத்து இறுகும், மேல்பரப்பு காயும், இழைகள் ஒட்டாது.

அகன்ற வாணலியில் அரை வெங்காயம், 4 சாசேஜ், 4 காளான், ஒரு சிறிய குடைமிளகாய் வதக்குங்கள். சாசேஜ் வேண்டாமென்றால் காளானை இரட்டிப்பாக்குங்கள். குடைமிளகாயைக் கடைசியில் போடுங்கள், பச்சை வாசனை நிற்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளி, காலியான இடத்தில் 100 கிராம் கெச்சப்பை விட்டு, நடுத்தரத் தீயில் ஒன்றரை நிமிடம் தனியாக வதக்குங்கள். வினிகர் நெடி மூக்கில் ஏறி அடங்கும், நிறம் செங்கல் போலாகும். உங்கள் புளிப்புக்கு மருந்து இந்த ஒன்றரை நிமிடம்தான். பாஸ்தா மேல் நேராக ஊற்றினால் கெச்சப்பின் தண்ணீரும் புளிப்பும் அப்படியே தங்கிவிடும். வாங்கும்போது பாட்டிலின் பின்பக்கத்தையும் பாருங்கள். மாவுச்சத்து சேர்த்த 'தக்காளி சாஸ்' வாணலியில் பசையாகிவிடும்.

இனி பாஸ்தாவைப் போட்டு, தீயைக் கூட்டி 2 நிமிடம் புரட்டுங்கள், 10 கிராம் வெண்ணெயோடு இறக்குங்கள். ஒரு தடவைக்கு இரண்டு பேர் அளவுக்கு மேல் போட்டால் வதங்காமல் ஆவியில் வேகும், பிசுபிசுக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். தமிழில் சமையல் குறிப்பு எழுதுபவர்கள் 'தேவையான அளவு' என்று எழுதுவதை எப்போது நிறுத்தப்போகிறார்கள்? உப்புக்குச் சரி, போகட்டும். எண்ணெய்க்கும் சாஸுக்கும் அப்படி எழுதினால் புதிதாகச் சமைப்பவர் என்ன செய்வார்? தவறிப்போனால் தன் கையைத்தானே நொந்துகொள்கிறார்.

பரிமாறும்போது மேலே சீஸ் பொடி, பக்கத்தில் டபாஸ்கோ என்ற மிளகாய் சாஸ். ஜப்பானின் நகோயா நகரில் சுட்ட இரும்புத் தட்டில் இதை வைத்து, அடித்த முட்டையைச் சுற்றிலும் ஊற்றுவார்கள். தோசைக்கல்லிலும் அப்படிச் செய்யலாம், முட்டை முழுதாக இறுகும் முன் சாப்பிட உட்கார்ந்துவிடுங்கள்.