நைரோபித் தெருவில் ஒரு குடும்பம்

கேள்வி: நகரத் தெருவிலேயே குடும்பம் நடத்துகிறவர்களைப் பற்றி ஆப்பிரிக்கக் கதைகள் உண்டா? எதிலிருந்து தொடங்கலாம்?
– ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: நைஜீரியரான உவெம் அக்பனின் ‘ஆன் எக்ஸ்-மஸ் ஃபீஸ்ட்’ கதையைப் படியுங்கள், அவருடைய 2008 தொகுப்பில் இருக்கிறது. கென்யத் தலைநகர் நைரோபியின் தெருவில் ஒரு குடிசை, கிறிஸ்துமஸ் நேரம், சாப்பிட ஒன்றுமில்லை. பசி தெரியாமலிருக்கப் பிள்ளைகளுக்குப் பசையை முகரக் கொடுக்கிறாள் அம்மா, தம்பியின் பள்ளிச் செலவுக்காக 12 வயது அக்கா உடலை விற்கிறாள். படிக்கவே நெஞ்சு பதறும். ஆனாலும் அந்தத் தாயை அவர் கெட்டவளாகக் காட்டவே இல்லை, சண்டையும் ஜெபமும் பாசமும் உள்ள சாதாரண வீடாகத்தான் அதை எழுதியிருக்கிறார், எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. அப்புறம், கென்யாவின் மேஜா ம்வாங்கி எழுதிய ‘கில் மீ குயிக்’ (1973) நாவல்: படித்தும் வேலை கிடைக்காத இரண்டு பையன்கள், பின்சந்து வாழ்க்கை. கிடைத்தால் விடாதீர்கள்.