கேள்வி – பதில்: ஜம்பர் கேபிளும் கறுப்புக் கிளிப்பும்

கேள்வி: கார் பேட்டரியில் சார்ஜ் இறங்கிவிட்டால் இன்னொரு காரின் பேட்டரியோடு இணைத்துக் கிளப்ப உதவட்டும் என்று ஜம்பர் கேபிள் ஒன்று வாங்கினேன். பார்ப்பதற்கு விரல் தடிமன் இருந்தது. ஆனால் நண்பரின் காரோடு இணைத்துச் சாவியைத் திருப்பியபோது 'டிக் டிக்' என்ற ஓசைதான் வந்தது. கேபிளோ தொட முடியாதபடி சுட்டது. எப்படிப்பட்ட கேபிளை வாங்க வேண்டும்? கறுப்புக் கிளிப்பை இறங்கிய பேட்டரியில் மாட்டக் கூடாது என்கிறார்களே, அது ஏன்?

பதில்: நீங்கள் பார்த்த தடிமன் பெரும்பாலும் ரப்பர் உறையின் தடிமனாக இருந்திருக்கும். மின்சாரத்தைக் கடத்துவது உள்ளே இருக்கும் கம்பிதான். இன்ஜினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார் சுழலும் சில நொடிகளில் சாதாரணமாக 150 ஆம்பியர், டீசல் இன்ஜினில் அதற்கும் மேல், மின்சாரத்தை இழுக்கிறது. 3 மீட்டர் நீளமுள்ள கேபிளில் போக ஒன்றும் வர ஒன்றுமாக 6 மீட்டர் கம்பி இருக்கிறது. அது 6 சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள செம்பாக இருந்தால் 150 ஆம்பியரில் ஏறக்குறைய 2.6 வோல்ட் கம்பியிலேயே வெப்பமாக வீணாகிவிடும். 25 சதுர மில்லிமீட்டராக இருந்தால் இழப்பு 0.6 வோல்ட்டோடு நின்றுவிடும். உங்கள் கேபிள் சுட்டதற்கும் மோட்டார் திணறியதற்கும் காரணம் ஒன்றேதான்.

ஆகவே உறையில் கம்பியின் குறுக்களவு அச்சிடப்படாத கேபிளை, அட்டைப்பெட்டியில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருந்தாலும், நான் வாங்க மாட்டேன். செம்பு பூசிய அலுமினியக் கம்பி விலை குறைவுதான்; ஆனால் அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பினுடையதில் ஏறக்குறைய 60 சதவீதமே என்பதால், அதில் இன்னும் தடித்த கம்பி வேண்டும். கிளிப்பையும் திறந்து பாருங்கள்: சில மலிவான கிளிப்புகளில் ஒரு தாடைக்கு மட்டுமே கம்பி இணைப்பு இருக்கும், மறு தாடை வெறுமனே பிடித்துக்கொள்ளும்.

அடுத்து, கறுப்புக் கிளிப். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். கடைசி இணைப்பைக் கொடுக்கும் கணத்தில் சிறு பொறி பறப்பதைத் தவிர்க்க முடியாது. அந்தப் பொறி பேட்டரியின் மேலேயே விழுந்தால் வாயு தீப்பற்றி, பேட்டரி வெடித்து, அமிலம் முகத்தில் தெறிக்கக்கூடும். எனவே சிவப்புக் கிளிப்பை முதலில் இறங்கிய பேட்டரியின் கூட்டல் முனையிலும், அதன் மறுமுனையை நல்ல பேட்டரியின் கூட்டல் முனையிலும் மாட்டுங்கள். பிறகு கறுப்பை நல்ல பேட்டரியின் கழித்தல் முனையிலும், கடைசியாக அதன் மறுமுனையை, ஓடாத காரின் இன்ஜினில் பேட்டரிக்குத் தள்ளியிருக்கும் பெயின்ட் படாத உலோகப் பகுதியிலும் மாட்டுங்கள். கழற்றும்போது இதே வரிசை தலைகீழாகும். கழற்றிய கிளிப்புகள் ஒன்றோடொன்று உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் 12 வோல்ட் பேட்டரிகளாக இருக்க வேண்டும், கார்கள் ஒன்றையொன்று தொடக் கூடாது. விரிசல் விட்ட, உறைந்துபோன பேட்டரியில் இந்த முயற்சியே வேண்டாம். சில கார்களில் இணைப்புக்கென்றே தனி முனைகள் இருக்கும், ஹைபிரிட் கார்களில் முறையும் வேறுபடலாம் என்பதால், காரோடு வந்த கையேட்டில் அந்தப் பக்கத்தை வீட்டில் இருக்கும்போதே ஒருமுறை படித்து வைத்துக்கொள்ளுங்கள்.