கேட் போஸ்ட் ஆடினால் என்ன செய்வது? கேள்வி பதில்

முப்பது வருடமாக கேட் செய்து மாட்டும் வேலைதான் எனக்கு. வந்த கேள்விகளில் பாதி ஒரே மாதிரி இருந்ததால் ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணே, வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் இருக்கும் சந்துக்கு நாலடி இரும்பு கேட். இரண்டு இஞ்ச் சதுர பைப்பைச் செங்கல் சுவரோடு மூன்று கிளாம்ப் வைத்துப் பிடித்திருக்கிறது. மேல் கிளாம்ப் பிடுங்கிக்கொண்டு வருகிறது. கொத்தனார் இரண்டு தடவை சிமென்ட் அடைத்தும் நிற்கவில்லை. (தஞ்சாவூர்)

கீழ் கிளாம்ப் அசையாமல் இருக்குமே, பார்த்தீர்களா? பிடுங்குவது எப்போதும் மேலேதான். கேட் 80 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை கேட்டின் நடுவில், அதாவது கீலிலிருந்து இரண்டடி தள்ளி இருக்கிறது. மேல் கீலுக்கும் கீழ் கீலுக்கும் நாலடி இடைவெளி என்றால் மேலே 40 கிலோ இழுவை. இடைவெளி இரண்டடிதான் என்றால் அதுவே 80 ஆகிவிடும். கேட் சும்மா நிற்கும்போதே இவ்வளவு. 25 கிலோ பையன் ஒருவன் நுனியில் தொற்றி ஆடினால் (ஆடாத பையன் உண்டா?) நாலடி இடைவெளியிலும் இன்னொரு 25 கூடும்.

இதைச் சிமென்ட் பூச்சு தாங்காது. காய்ந்த பழைய செங்கல் கலவையில் இருக்கும் தண்ணீரைக் குடித்துவிடும், ஒட்டவே ஒட்டாது. விரியும் ஆங்கர் போல்ட்டும் வேண்டாம். அது கான்கிரீட்டுக்கு நல்லது. செங்கலில் முடுக்க முடுக்கக் கல்லையே பிளந்துவிடும்.

முதலில் கேட்டைக் கழற்றி இறக்குங்கள். தொங்கவிட்டுக்கொண்டே எந்த வேலையும் செய்யாதீர்கள். சுவர் ஒன்பது இஞ்ச் என்றால், ஊடே ஓட்டை போட்டு 12 மி.மீ. மரைக் கம்பியை அந்தப் பக்கம் வரை விட்டு, அங்கே நாலு இஞ்ச் சதுரத் தகடு வைத்து நட்டு போடுவதுதான் உறுதி. தகட்டுக்குப் பின்னால் பூச்சு பொக்கையாக இருந்தால் கொத்தி எடுத்துவிட்டுச் செங்கல் மேலேயே உட்கார வையுங்கள்.

அந்தப் பக்கம் அடுத்த வீடு, அவர்களோடு பேச்சுவார்த்தை இல்லை என்றால் கெமிக்கல் ஆங்கர் போடலாம், அதாவது ஓட்டைக்குள் கெட்டியாக இறுகும் பசையை விட்டு அதில் மரைக் கம்பியைப் பதிப்பது. பழைய குழியை விட்டு நாலைந்து இஞ்ச் தள்ளி, செங்கலின் நடுவில் 14 மி.மீ. ஓட்டை, ஐந்து இஞ்ச் ஆழம். இதில் பலர் கோட்டை விடுவது தூசியில். பிரஷ் விட்டுத் தேய்த்து, சைக்கிள் பம்ப்பால் ஊதி, மறுபடி தேய்த்து, மறுபடி ஊதுங்கள். தூசி இருந்தால் பசை தூசியைத்தான் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது. கம்பியைத் திருகிக்கொண்டே உள்ளே விடுங்கள். நம் ஊர் வெயிலில் சீக்கிரம் இறுகிவிடும், அதனால் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு பசையைப் பிதுக்குங்கள்.

எங்கள் சுவர் ஹாலோ பிளாக். இதே முறை சரிவருமா? (ஓசூர்)

அப்படியே செய்தால் பசை முழுக்க உள்ளே இருக்கும் பொந்துக்குள் போய்விடும். வலைக்குழாய் என்று தனியாக விற்கிறார்கள், அதை ஓட்டைக்குள் செருகி அதற்குள் பசை விட வேண்டும். சின்ன கேட்டுக்கு அது போதும். பெரிய கேட் என்றால் சுவரை நம்பாதீர்கள். சுவரை ஒட்டி ஒன்றரையடி சதுரம், இரண்டரையடி ஆழம் குழி எடுத்து, போஸ்ட்டைத் தனியாக 1:2:4 கான்கிரீட்டில் (சிமென்ட் ஒரு பங்கு, மணல் இரண்டு, ஜல்லி நாலு) நிறுத்துங்கள். நாலரை இஞ்ச் செங்கல் சுவர்க்காரர்களுக்கும் இதே பதில்தான்.

ஐயா, கேட் தரையில் உரசுகிறது. அடியில் அரை இஞ்ச் அறுத்துவிடலாம் என்கிறார் வெல்டர். (கோவில்பட்டி)

அறுக்க வேண்டாம். தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். கரிசல் மண் மழையில் உப்பி, கோடையில் வெடித்துச் சுருங்கும்; உங்கள் ஊரில் பில்லரே சாய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இன்றைக்கு அரை இஞ்ச் அறுத்தால் அடுத்த ஐப்பசிக்கு இன்னொரு அரை இஞ்ச் அறுக்கச் சொல்வார். பில்லர் நேராக இருந்தால் கீலில் தேய்மானம். கீலை மட்டும் மாற்றினால் போதும்.

கிளாம்ப் பதித்த இடத்தில் பில்லர் பூச்சு வெடிக்கிறது. கடற்கரை வீடு. (நாகப்பட்டினம்)

உள்ளே இரும்பு துருப்பிடிக்கிறது. துரு இரும்பை விடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அந்த உப்பல்தான் பூச்சைத் தள்ளுகிறது. மேலே பூசி மறைக்காமல் தோண்டி எடுத்துவிட்டு, 316 கிரேடு எவர்சில்வர் கம்பியாகப் போடுங்கள். அப்புறம் பைப்பின் தலையில் மூடி இருக்கிறதா பாருங்கள். மூடி இல்லாத பைப்பில் மழைத்தண்ணீர் இறங்கி அடியிலிருந்து தின்னும்.

கான்கிரீட் போட்டு எத்தனை நாளில் கேட் மாட்டலாம்? (கரூர்)

ஏழு நாள், தினமும் தண்ணீர் ஊற்றினால். அதுவரை போஸ்ட்டுக்கு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து வையுங்கள். மறுநாளே மாட்டிவிட்டுப் போகிறேன் என்று அவசரப்படுத்துகிறவருக்குக் கூலியை எட்டாம் நாள் கொடுங்கள்.